சிறு சரக்கு விமானத்திற்குப் பிறகு

திருச்செங்கோட்டுப் பக்கத்திலிருந்து ஒரு சகோதரர் நீண்ட கடிதம் எழுதியிருக்கிறார். இரண்டு லாரிகள் வைத்துத் தொழில் செய்தவர். ஒரு லாரியை விற்று, மனைவியின் நகைகளையும் விற்று, உறவினர்களிடம் கைம்மாற்றும் வாங்கி மகனை விமானி ஆக்கியுள்ளார். மகன் கையில் வணிக விமானி உரிமம் இருக்கிறது. 200 மணி நேரத்திற்குச் சற்றுக் கூடுதலாகப் பறந்த அனுபவமும் இருக்கிறது. உரிமம் வந்து இரண்டு ஆண்டுகள் ஆகியும் வேலை கிடைக்கவில்லை. இப்போது வெளிநாட்டில், ஒற்றை எஞ்சின் கொண்ட சிறு சரக்கு விமானம் ஓட்ட ஒரு நிறுவனம் அழைக்கிறது. சம்பளம் குறைவு, ஊரோ காட்டுப் பகுதி. தாயார் அழுகிறார். தந்தையின் கேள்வி இதுதான்: "ஹஜ்ரத், லாரித் தொழிலில் கிளீனராகச் சேர்ந்தவன் டிரைவராகி, பிறகு ஓனராகிறான். அந்தப் பாதை எனக்குத் தெரியும். இந்தத் தொழிலில் சின்னச் சரக்கு விமானம் ஓட்டியவன் பிறகு எங்கே போவான்?"

மதரஸாவில் அரபு இலக்கணம் கற்பிப்பவனுக்கு விமானத்தைப் பற்றி எழுத என்ன தகுதி என்று சிலர் கேட்கக்கூடும். நியாயமான கேள்வி. ஆனால் இந்தப் பக்கத்திற்கு வரும் கடிதங்களில் பாதி பிள்ளைகளின் எதிர்காலத்தைப் பற்றியவையே. ஆகவே படித்தும் விசாரித்தும் அறிந்தவற்றை எழுதுகிறேன்.

முதலில் ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். சிறு விமானத்தில் சரக்கு ஏற்றிப் பறப்பது மட்டமான வேலை என்ற எண்ணம் நம்மவர்களிடம் உண்டு. வெள்ளைச் சீருடையும் தங்கப் பட்டையும் அணிந்து பயணிகளை வரவேற்பவரே விமானி என்று நினைக்கிறோம். வரலாறு வேறு விதமாக இருக்கிறது. இந்தியாவில் முறையான விமானப் போக்குவரத்து தொடங்கியதே தபால் மூட்டையிலிருந்துதான். 1932 அக்டோபர் 15 அன்று கராச்சியிலிருந்து ஜே.ஆர்.டி. டாடா ஒரு சின்னஞ்சிறு 'பஸ் மாத்' விமானத்தில் தபால் பைகளுடன் பம்பாய்க்குப் பறந்து வந்தார். ஒற்றை எஞ்சின், ஒரே விமானி. பம்பாயிலிருந்து அந்தத் தபாலைப் பெல்லாரி வழியாக நம் சென்னைக்குக் கொண்டுவந்தவர் நெவில் வின்சென்ட். அந்தத் தபால் கம்பெனிதான் பின்னாளில் ஏர் இந்தியா ஆயிற்று.

நாடு விடுதலை பெற்ற பின் 1949இல் இரவு விமானத் தபால் தொடங்கிற்று. டில்லி, பம்பாய், கல்கத்தா, சென்னை ஆகிய நான்கு நகரங்களிலிருந்தும் இரவில் டகோட்டா விமானங்கள் புறப்படும். நள்ளிரவில் நாகபுரியில் ஒன்றுகூடி, பைகளை மாற்றிக்கொண்டு, விடிவதற்குள் அவரவர் ஊர் திரும்பும். நாமக்கல் லாரி ஷெட்டில் லோடு மாற்றுவதைப் பார்த்தவர்களுக்கு இது எளிதில் புரியும். 1953இல் தனியார் விமானக் கம்பெனிகள் நாட்டுடைமையாகி இந்தியன் ஏர்லைன்ஸ் உருவானபோது, அவற்றில் பணியாற்றியவர்களும் அதில் சேர்ந்தனர். அட்லாண்டிக் கடலை 1927இல் தனியாகக் கடந்து உலகப் புகழ் பெற்ற லிண்ட்பெர்க், அதற்கு முந்தைய ஆண்டில் செயின்ட் லூயிஸ் நகருக்கும் சிகாகோவுக்கும் இடையே தபால் சுமந்த விமானிதான். அந்த ஓராண்டிலேயே இரண்டு முறை இரவில் வழி தெரியாமல் எரிபொருள் தீர்ந்து, பாராசூட்டில் குதித்து உயிர் தப்பினார்.

இனி தொழிலின் கணக்கிற்கு வருவோம். இந்தக் கணக்கு புரியாமல்தான் பல குடும்பங்கள் தவிக்கின்றன.

வணிக விமானி உரிமத்திற்கு நம் நாட்டில் 200 மணி நேரப் பறத்தல் வேண்டும். அதற்கு மேற்பட்ட விமானப் போக்குவரத்து விமானி உரிமத்திற்கு 1,500 மணி நேரம் வேண்டும். தேர்வுகளும் தனியே உண்டு. பெரிய விமானத்தில் கேப்டனாக அமர இந்த இரண்டாவது உரிமம் இன்றியமையாதது. 200க்கும் 1,500க்கும் இடையே கிடக்கும் அந்த 1,300 மணி நேரத்தை எங்கே, யார் செலவில் பறப்பது? இதுவே உலகெங்கும் இளம் விமானிகளின் கேள்வி. பெரிய விமானக் கம்பெனியில் துணை விமானியாக நேரே சேர்ந்துவிட்டால் அங்கேயே அந்த நேரம் சேர்ந்துவிடும். சேர முடியாதவர்களுக்குச் சிறு விமானமே பள்ளிக்கூடம்.

அந்தப் பள்ளிக்கூடத்தின் பெரிய பயன் ஒன்று உண்டு. 'கேரவன்' என்று பெயர் பெற்ற செஸ்னா 208 விமானத்தை ஒரே விமானி ஓட்டலாம். ஏறத்தாழ ஒன்றேகால் டன் சுமக்கும். மண் தரையிலும் இறங்கும். அமெரிக்காவின் ஃபெடெக்ஸ் நிறுவனம் 1980களின் நடுவிலிருந்தே இதைச் சிற்றூர்களுக்குப் பொட்டலம் கொண்டுசெல்லப் பயன்படுத்தி வருகிறது. தனி ஒருவராக ஓட்டும்போது, பறந்த ஒவ்வொரு மணி நேரமும் கேப்டன் பொறுப்பில் பறந்த நேரமாகக் கணக்கில் ஏறும். பெரிய விமானத்தில் துணை விமானியாக அமர்ந்திருப்பவருக்குப் பல ஆண்டுகளுக்குப் பிறகே கிடைக்கும் பொறுப்பு அது. மேகத்தையும் காற்றையும் எரிபொருளையும் ஓடுதளத்தின் சேற்றையும் எடை போட்டு, போகலாமா வேண்டாமா என்று முடிவு செய்பவர் அவரே. அனுபவமுள்ள விமானிகள் இந்தப் பயிற்சியை மிகவும் மதிக்கின்றனர்.

ஆனால் குறையும் உண்டு. வேலைக்கு ஆள் பிடிக்கும் ஏஜென்டுகள் அதைச் சொல்வதில்லை. விமான உலகில் 5,700 கிலோ என்பது ஓர் எல்லைக்கோடு. புறப்படும்போது மொத்த எடை அதற்குக் குறைவான விமானங்கள் ஒரு சாதி; அதிகமானவை வேறு சாதி. கேரவனின் எடை 4,000 கிலோவை ஒட்டியதுதான். 'ட்விின் ஆட்டர்' இரட்டை எஞ்சின் விமானமும் அந்தக் கோட்டிற்குச் சற்றுக் கீழேயே நிற்கிறது. பெரிய கம்பெனிகள் அனுபவமுள்ளவர்களைத் தேடும்போது பெரும்பாலும் கேட்பது கோட்டிற்கு மேற்பட்ட விமானத்தில், பல எஞ்சின்களுடன், இரு விமானிகள் சேர்ந்து ஓட்டிய நேரத்தை. 2,000 மணி நேரம் ஒற்றை எஞ்சினில் தனியாகப் பறந்தவரும் அந்த வாசலில் புதியவரைப் போலவே நிற்க நேரும். மினிலாரி ஓட்டிப் பத்தாண்டு அனுபவம் பெற்றவரிடம் எரிவாயு டேங்கரை உடனே ஒப்படைப்போமா? அதே நியாயந்தான்.

ஆகவே சிறு சரக்கு விமானத்திலிருந்து நேரே போயிங்கிற்குத் தாவுவதாகத் திட்டமிடாமல், நடுவில் ஒரு படியைத் தேடுவது அறிவுடைமை. அந்த நடுப்படி பெரும்பாலும் ஏடிஆர் விமானம். இரட்டை விசிறி, இரு விமானிகள், 20 டன்னுக்கு மேல் எடை. சேலம் காமலாபுரத்தில் இறங்குவது இந்த வகைதான் என்பதால் நம் வாசகர்கள் பலர் பார்த்திருப்பீர்கள். ஃபெடெக்ஸ் நிறுவனமே 2020 டிசம்பரில் சரக்கிற்கென்றே கட்டப்பட்ட ஏடிஆர் 72 விமானத்தைப் பெறத் தொடங்கியது; 2022இல் 'ஸ்கைகூரியர்' என்ற இரட்டை எஞ்சின் செஸ்னாவையும் சேர்த்துக்கொண்டது. கேரவன் ஓட்டியவர் இவற்றுக்கு மாறி, அங்கிருந்து பெரிய ஜெட்டுக்குப் போவது அங்கே பழகிய தடம். தன் சிற்றூர்ச் சேவையை நடத்தும் ஒப்பந்தக் கம்பெனிகளின் விமானிகளைப் பெரிய விமானங்களுக்கு எடுத்துக்கொள்ள 2018இல் ஒரு தனித் திட்டத்தையே அந்நிறுவனம் அறிவித்தது. இதைக் கேட்டு அமெரிக்காவுக்கு ஓடிவிட வேண்டாம். அங்கே பயிற்சி பெற்று அந்நாட்டு உரிமம் வாங்கிய நம் பிள்ளைகள் பலர் இருக்கின்றனர். அங்கே வேலை பார்க்கும் அனுமதி இல்லையென்றால் அந்த உரிமத்தால் ஒரு கூரியர் பொட்டலத்தையும் சுமக்க முடியாது.

இந்தியாவிலோ சிறு சரக்கு விமானத் தொழில் வேர் பிடிக்கவே இல்லை. இங்கே சரக்கு என்றால் பெரிய விமானந்தான். சென்னையைத் தளமாகக் கொண்ட புளூ டார்ட் ஏவியேஷன் 1996இல் போயிங் 737 கொண்டு தொடங்கியது. பிறகு 757 விமானங்களுக்கு வளர்ந்தது. ஏர் டெக்கானை 2003இல் தொடங்கிய கோபிநாத், 2009இல் சரக்கிற்கென்று ஒரு விமான நிறுவனம் ஆரம்பித்தார். இரண்டே ஆண்டில் அது நின்றுபோயிற்று. (கேப்டன் கோபிநாத் என்பதால் அவரை விமானி என்று பலர் நினைக்கின்றனர். அவர் ராணுவத்தில் கேப்டன்.) 2022இல் இண்டிகோ பயணிகள் விமானத்தைச் சரக்கு விமானமாக மாற்றி ஓட்டத் தொடங்கியது. நம் நாட்டில் டீசலும் லாரியும் விமானத்தைத் தோற்கடித்துவிடுகின்றன. நாமக்கல் முட்டை கேரளத்துக்கு ஒரே இரவில் தரைவழியே போய்ச் சேர்கிறதென்றால் விமானத்தில் யார் ஏற்றுவார்? சாலை இல்லாத நாட்டில்தான் சிறு சரக்கு விமானத்திற்குப் பிழைப்பு.

அப்படிப்பட்ட நாட்டிற்கு நல்ல எடுத்துக்காட்டு இந்தோனேசியா. அங்கே சூசி புட்ஜியாஸ்துதி என்ற பெண்மணி மீன் வியாபாரி. பள்ளிப் படிப்பை முடிக்காதவர். பிடித்த இறாலும் மீனும் தலைநகர் போய்ச் சேருமுன் கெட்டுவிடுவதால் 2004இல் கேரவன் விமானங்களை வாங்கினார். அந்த ஆண்டு டிசம்பரில் ஆழிப்பேரலை ஆச்சே மாநிலத்தை அழித்தபோது, மீன் ஏற்ற வாங்கிய அந்த விமானம் மெலாபோ நகருக்கு உணவும் மருந்தும் சுமந்து முதலில் போய் இறங்கியவற்றுள் ஒன்று. அதிலிருந்து வளர்ந்ததே சூசி ஏர். பல நாட்டு இளம் விமானிகள் அங்கே சேர்ந்து மணி நேரம் சேர்த்து, பிறகு பெரிய கம்பெனிகளுக்குப் போயினர். சூசி அம்மையார் 2014 முதல் 2019 வரை அந்நாட்டின் மீன்வளத் துறை அமைச்சராகவும் இருந்தார்.

அதே கம்பெனியின் மற்றொரு செய்தியையும் மறைக்காமல் சொல்லவேண்டும். கடிதத்தில் தாயார் அழுவதாக எழுதியிருப்பதற்குக் காரணம் இல்லாமல் இல்லை. நியூசிலாந்து நாட்டு விமானி பிலிப் மெஹர்டென்ஸ் 2023 பிப்ரவரி 7 அன்று பப்புவா மலைப் பகுதியில் ஒரு சிறு ஓடுதளத்தில் இறங்கியபோது ஆயுதக் குழுவினர் விமானத்தை எரித்து அவரைக் கடத்திச் சென்றனர். 19 மாதங்களுக்குப் பிறகு, 2024 செப்டம்பரில்தான் விடுதலையானார். சோமாலியாவில் 2020 மே 4 அன்று, கொரோனா நிவாரணப் பொருள் சுமந்து சென்ற ஒரு சிறு விமானம் பர்தாலே அருகே சுட்டு வீழ்த்தப்பட்டு அதிலிருந்த 6 பேரும் இறந்தனர். மலைக் கணவாய்களில் மேகம் மூடி விபத்துக்குள்ளாகும் விமானங்கள் தனி.

சுமக்கும் பொருளையும் கேட்டுக்கொள்ளுங்கள். கென்யாவின் நைரோபியிலிருந்து சோமாலியாவுக்குச் சிறு விமானங்கள் சுமப்பதில் பெரும் பங்கு 'காத்' என்ற இலை. மென்றால் போதை தருவது. அந்நாட்டுச் சட்டத்தில் அதற்கு இடம் உண்டு. அதைச் சுமந்து பெறும் சம்பளம் நம் வீட்டுச் சோற்றில் சேரலாமா என்பது குடும்பம் சேர்ந்து முடிவு செய்ய வேண்டியது. லாரியில் எந்த லோடு ஏற்றலாம், எது கூடாது என்று பேணுதலாக இருந்த நம் பெரியவர்களுக்கு இது புதிய கேள்வி அன்று.

அபாயத்தைச் சொன்னதால் மகனை அனுப்பாதீர்கள் என்று நான் எழுதுவதாக எண்ண வேண்டாம். எந்த நாடு, எந்தப் பகுதி, எந்த விமானம் என்று கேட்டு அனுப்புங்கள் என்கிறேன். போர் நடக்கும் இடமானால் எவ்வளவு சம்பளமானாலும் வேண்டாம். இரட்டை எஞ்சின் விமானமும் இருக்கும் கம்பெனி, ஒற்றை எஞ்சின் மட்டும் உள்ள கம்பெனியைவிட மேல். ஓராண்டுக்குப் பின் அதற்கு மாற்றுவார்களா என்று எழுத்தில் கேட்க வேண்டும். விபத்துக் காப்பீடு மட்டுமல்லாமல், உடல் தகுதி இழந்து உரிமம் போனால் இழப்பீடு தரும் காப்பீடும் உண்டா என்று பார்க்க வேண்டும். கண்ணோ காதோ இருதயமோ கெட்டால் இந்தத் தொழில் ஒரே நாளில் நின்றுவிடும்.

பறந்த நேரம் எழுதும் பதிவுப் புத்தகத்தை விமானியின் சொத்துப் பத்திரம் என்றே கொள்ளலாம். வெளிநாட்டில் பறந்த ஒவ்வொரு மணி நேரத்துக்கும் அந்தக் கம்பெனியின் பொறுப்பதிகாரியின் கையொப்பம் அவ்வப்போதே வாங்கிவிட வேண்டும். கம்பெனி மூடிய பிறகு தேடினால் ஆளும் கிடைக்கமாட்டார், முத்திரையும் கிடைக்காது. நம் நாட்டு உரிமத்தையும் மருத்துவச் சான்றையும் காலாவதியாக விடக்கூடாது. பறக்காத நேரத்தைப் பறந்ததாக எழுதுவது பற்றி நான் எதுவும் சொல்ல வேண்டியதில்லை. ஆயினும் 2011இல் போலி மதிப்பெண் சான்று காட்டிய விமானிகள் பிடிபட்டு உரிமம் இழந்து கைதானதை அந்தப் பிள்ளை அறிந்திருப்பது நல்லது.

அடுத்து, வீட்டில் எல்லோரும் நினைக்கும் அந்தப் பெரிய கம்பெனி வேலை. ஊருக்குத் திரும்பி ஏர்பஸ் அல்லது போயிங் ஓட்ட வேண்டுமானால் அந்த ரக விமானத்திற்கென்று தனிப் பயிற்சி பெற வேண்டும். டைப் ரேட்டிங் என்பார்கள். அதற்கே பல லட்சம் ஆகும். சில கம்பெனிகள் தாமே பயிற்சி கொடுத்து, இத்தனை ஆண்டு விலகக்கூடாது என்று பத்திரம் எழுதி வாங்குகின்றன. வேலை உறுதிக் கடிதம் கையில் இல்லாமல், கைக்காசு போட்டு இந்தப் பயிற்சிக்குப் போவதை நான் ஆதரிக்கமாட்டேன். இந்தத் தொழில் மழையை நம்பிய மானாவாரி நிலம் போன்றது. 2012இல் கிங்பிஷர் நின்றது. 2019 ஏப்ரலில் ஜெட் ஏர்வேஸ் நின்றது. 2020இல் நோய்த்தொற்று உலகையே தரையிறக்கியது. 2023 மேயில் கோ ஃபர்ஸ்ட் நின்றது. அதே 2023இல்தான் ஏர் இந்தியா 470, இண்டிகோ 500 என்று விமானங்களுக்கு ஆர்டர் கொடுத்தன. வறட்சியில் சோர்ந்துவிடாமல், உரிமத்தைப் புதுப்பித்து ஏதேனும் ஒரு விமானத்தில் பறந்துகொண்டே இருந்தவர்களுக்கு மழை பெய்தபோது அறுவடை கிடைத்தது. இதில் ஒரு சிறப்பு என்னவெனில், நோய்த்தொற்றுக் காலத்தில் பயணிகள் விமானிகள் வீட்டில் அமர்ந்திருந்தபோது சரக்கு விமானிகள் மருந்து சுமந்து பறந்துகொண்டிருந்தனர்.

பெரிய சரக்கு விமானம் மற்றொரு பாதை. பயணிகளின் தொல்லை கிடையாது. ஆனால் பெரும்பாலும் இரவு வேலை. இரவு லாரி ஓட்டியவர்களுக்கு அதன் அருமையும் கொடுமையும் நான் சொல்லித் தெரியவேண்டியதில்லை.

பலர் கவனிக்காத பாதை ஒன்றிருக்கிறது; எனக்கு அது பிடிக்கிறது. அதுதான் ஆசிரியப் பணி. பறத்தல் பயிற்றுநர் தகுதி பெற்றவர்களுக்கு இன்று நாட்டில் தேவை இருக்கிறது. விமான நிலைய ஆணையம் பயிற்சிப் பள்ளிகள் அமைக்க இடம் ஒதுக்கிய நிலையங்களில் நம் சேலமும் ஒன்று. 1993இல் திறக்கப்பட்டு, சேவை வருவதும் நிற்பதுமாகப் பல ஆண்டு வெறிச்சோடி, 2023 அக்டோபரில் மீண்டும் உயிர்பெற்ற அந்தக் காமலாபுரத்திலேயே பயிற்சி விமானங்களும் பறக்கும் காலம் வந்துவிட்டது. பயிற்றுநருக்கும் பறந்த நேரம் சேரும். வீடும் பக்கத்தில் இருக்கும். பெரிய கம்பெனி அழைக்கும்வரை இடைக்காலமாகச் செய்வோரும் உண்டு. வாழ்நாள் முழுதும் செய்வோரும் உண்டு. கற்பித்தல் என் தொழில் என்பதால் பரிந்து பேசுகிறேன் என்று நினைத்தாலும் சரியே. ஏர் ஆம்புலன்ஸ், தனியார் வாடகை விமானம், மாலத்தீவின் கடல் விமானம், சிமுலேட்டர் பயிற்சி, விமானப் பாதுகாப்புத் துறை என்று வேறு கிளைகளும் இருக்கின்றன. வயதையும் நினைவில் வையுங்கள்: பன்னாட்டு விதிப்படி இரு விமானிகள் ஓட்டும் வணிக விமானத்தில் 65 வயது வரை பணியாற்றலாம், தனி விமானியாகவெனில் 60 வரைதான்.

நோன்பைப் பற்றியும் கேட்டிருக்கிறார். பயணிக்கு நோன்பை விட்டு வேறு நாளில் நோற்க மார்க்கம் சலுகை அளித்திருப்பதை நம் சிறுவர்களும் அறிவர். பசியும் தாகமும் முடிவெடுக்கும் திறனைத் தாமதப்படுத்தும் என்பதால் பாகிஸ்தானின் பி.ஐ.ஏ. நிறுவனமே 2024 ரமலானில் பணியிலிருக்கும்போது நோன்பு வைக்க வேண்டாமென்று தன் விமானிகளுக்கு அறிவுறுத்தியது. தனியாகப் பறப்பவர் விஷயத்தில் அந்தச் சலுகையைப் பயன்படுத்துவதே சரி என்பது என் கருத்து. கடனும் வட்டியும் பற்றிய கேள்விக்கு உள்ளூர் ஆலிமிடம் முழு விவரத்துடன் சென்று கேளுங்கள். பத்திரிகைப் பக்கத்தில் ஒருவரி ஃபத்வா கொடுப்பது முறையன்று. ஆயினும் உறவினர்களின் கைம்மாற்றை மகனின் முதல் சம்பளத்திலிருந்தே சிறிது சிறிதாகத் திருப்பத் தொடங்குவது நல்லது. விமானியாகிவிட்டான், இனி என்ன குறை என்று ஊரார் நினைப்பர். முதல் சில ஆண்டு சம்பளம் அனுபவமுள்ள டேங்கர் டிரைவரின் வருமானத்தைவிட அதிகமாக இராது என்பதை அவர்களிடம் வெட்கப்படாமல் சொல்லிவிடலாம்.

கடிதத்தின் அடியில் ஒரு பின்குறிப்பு. பன்னிரண்டாம் வகுப்பு படிக்கும் மகளும் அண்ணனைப் போல் விமானியாக விரும்புகிறாளாம். சிரித்துவிட்டு விட்டுவிட்டேன் என்கிறார். சகோதரரே, ஐதராபாத்தில் ஒரு பேக்கரித் தொழிலாளியின் மகள் சையதா சல்வா பாத்திமா. 'சியாசத்' உருது நாளிதழின் ஆசிரியர் ஜாஹித் அலி கான் முன்வந்து உதவியதால் விமானப் பயிற்சியில் சேர்ந்தார். 2013இல் வணிக விமானி உரிமம் பெற்றார். பெரிய விமானப் பயிற்சிக்கு தெலங்கானா அரசு உதவியது. பின்னர் ஏர்பஸ் ஓட்டினார். நடுவில் திருமணமும் குழந்தையும் உண்டு. மகள் இயற்பியலும் கணிதமும் எடுத்திருக்கிறாளா என்று அடுத்த கடிதத்தில் எழுதுங்கள். அந்த விதியைத் தளர்த்தலாமா என்ற பேச்சு 2025இல் எழுந்தது; பேச்சை நம்பி பாடத்தை மாற்ற வேண்டாம்.